வண்டுக்கு நோய் கொடுத்தவர்

1873-ம் ஆண்டு. ஜெனிவா நகரம். இரவு நேரம்.

ரோன் நதியின் மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தில் ஒரு வாலிபர் நின்றார். வயது 28. பெரிய படிப்புப் படித்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர்.

ஆனால் அன்று அவருக்கு உலகமே இருண்டு கிடந்தது. சமீபத்தில்தான் அவருடைய மனைவி காசநோயால் இறந்துவிட்டாள். துக்கம் தாங்காமல் அவர் மருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிட்டார். உடல் அதை ஏற்காமல் வெளியே தள்ளிவிட்டது. பிழைத்தார். பிழைத்தோமே என்று வருந்தினார். கடும் குளிரில் நின்றால் ஜுரம் வந்து செத்துவிடலாம் என்று எண்ணித்தான் இப்போது வெளியே வந்திருந்தார்.

பாலத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதைச் சுற்றிப் பூச்சிகள் பறந்தன. மழைக்காலத்தில் நம் வீட்டு விளக்கை ஈசல் மொய்க்குமே, அதுபோல.

அவர் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்தப் பூச்சிகளின் ஆயுள் சில மணி நேரம்தான். இவை எதையும் தின்பதும் இல்லை. வலுத்தது பிழைக்கும், இளைத்தது அழியும் என்று டார்வின் சொன்ன விதி இவற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

மனத்தில் கேள்வி எழுந்தது. கேள்வி எழுந்ததும் சாவு மறந்துபோயிற்று. விடை தேடும் ஆவலோடு அவர் அறைக்குத் திரும்பினார்.

பூச்சிகள் அவர் உயிரைக் காப்பாற்றின. ஆறு ஆண்டு கழித்து, அதே மனிதர் பூச்சிகளைக் கொல்ல யாரும் எண்ணாத ஒரு வழி கண்டார்!

அவர்தான் இல்யா மெச்னிகாவ். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி.

பாதரசப் பிள்ளை

மெச்னிகாவ் 1845-ம் ஆண்டு மே மாதம் கார்கோவ் நகரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்போது அது ஜார் சக்கரவர்த்தி ஆண்ட ருஷியாவைச் சேர்ந்தது. இன்று உக்ரேன் நாட்டில் இருக்கிறது. தந்தை ராணுவ அதிகாரியாக இருந்தவர், நிலம் உடையவர். தாயார் யூத வம்சத்தைச் சேர்ந்தவர்.

ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. ஓர் இடத்தில் உட்கார மாட்டார். அதனால் வீட்டில் எல்லோரும் அவரைப் பாதரசம் என்று அழைத்தார்கள். ஆனால் ஒரு பூச்சியோ செடியோ கையில் கிடைத்துவிட்டால் போதும். பாதரசம் அப்படியே உறைந்துவிடும்!

சிறு வயதிலேயே மற்றப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். அவர்கள் ஓடிவிடாமல் இருக்கத் தம் கைக்காசையும் கொடுப்பாராம். சம்பளம் வாங்காமல் சம்பளம் கொடுத்துப் பாடம் சொன்ன வாத்தியார் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கார்கோவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்தார். பிறகு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனார். கடலில் வாழும் சின்னஞ்சிறு பிராணிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தார். 25-ம் வயதில் கருங்கடல் கரையில் உள்ள ஒடெசா நகரத்தில் பேராசிரியர் ஆனார்.

நாற்காலியில் வந்த மணப்பெண்

மனைவியின் பெயர் லுத்மிலா. 1869-ல் கலியாணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு நெஞ்சில் நோய். மாதா கோவில் வாசலில் இருந்து பீடம் வரை நடக்கக்கூட முடியவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள்.

காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. கிருமியால் வருகிற நோய் என்பதையே அதற்குப் பல ஆண்டு கழித்து, 1882-ல்தான் ஜெர்மனியில் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். வெயில் உள்ள ஊருக்கு அழைத்துப் போவது ஒன்றுதான் வழி. அதற்குப் பணம் வேண்டுமே! மெச்னிகாவ் இரவு பகலாக உழைத்தார். கண் கெட்டது. கடைசியில் அட்லாண்டிக் கடலில் உள்ள மடீராத் தீவுக்கு லுத்மிலாவைக் கொண்டுபோனார். 1873 ஏப்ரலில் அவள் அங்கே இறந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஜெனிவாப் பாலம்.

மெச்னிகாவ் ஒடெசாவுக்குத் திரும்பினார். அவர் குடியிருந்த வீட்டின் மேல் மாடியில் ஒரு பெரிய குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். விடியற்காலையிலேயே ஓட்டமும் கூச்சலும் தொடங்கிவிடும். பேராசிரியர் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. புகார் சொல்ல மேலே போனார்.

புகார் சொல்லப் போன வீட்டிலேயே பெண் எடுத்தார்! அந்த வீட்டுப் பெண் ஒல்கா. அவளுக்கு மெச்னிகாவ் விலங்கியல் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1875-ல் இருவருக்கும் கலியாணம் ஆயிற்று. கடைசி வரை ஒல்கா அவருடைய ஆராய்ச்சிக்கும் துணையாக இருந்தாள். கணவரின் வாழ்க்கை வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதியவளும் அவளே. அவர் வாழ்வைப் பற்றி இன்று உலகம் அறிந்த பல செய்திகள் அந்தப் புத்தகத்தில் இருந்து வந்தவை.

கோதுமையைத் தின்ற வண்டு

1878-ம் ஆண்டை ஒட்டித் தென் ருஷியாவில் ஒரு வண்டு பெருகிற்று. கோதுமைக் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து மணியைத் தின்றது. மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு வேரைத் தின்றது. ஒடெசா கோதுமை ஏற்றுமதிக்குப் பெயர்போன துறைமுகம். கோதுமை போனால் அந்தச் சீமைக்கே சோறு போயிற்று.

அன்று இன்றைய மருந்துகள் இல்லை. வண்டைக் கையால் பொறுக்கினார்கள். கயிற்றை இழுத்துக் கதிரில் இருந்து உதிர்த்தார்கள். கோடிக்கணக்கான வண்டை எத்தனை கை பொறுக்க முடியும்?

மெச்னிகாவ் வயலுக்குப் போனார். மண்ணைக் கிளறிப் புழுக்களைச் சேகரித்தார். சில புழுக்கள் செத்து, விறைத்து, மேலே பச்சைப் பொடி படிந்து கிடந்தன. பொடியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அது பூசணம்!

பழைய ஊறுகாயில் பூசணம் பூப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதுவும் அந்த வகைதான். ஆனால் இது உயிருள்ள பூச்சியின் மேல் முளைக்கும் பூசணம்.

அது கொல்லும் விதம் விசித்திரமானது. காற்றிலோ மண்ணிலோ இருக்கும் வித்து ஒன்று பூச்சியின் தோலில் ஒட்டுகிறது. நெல் முளைப்பதுபோல முளைவிடுகிறது. முளை தோலைத் துளைத்து உள்ளே போகிறது. உள்ளே கிளை விட்டுப் படர்ந்து, பூச்சியையே உணவாக்கிக்கொள்கிறது. பூச்சி சாகிறது. பிறகு பூசணம் வெளியே வந்து உடல் முழுவதும் பச்சையாகப் பூக்கிறது. அந்தப் பச்சைப் பொடி முழுவதும் புதிய வித்துக்கள். பக்கத்தில் வரும் பூச்சியின் மேல் அவை ஒட்டும்.

பூச்சிக்கு நோய் வரும் என்பது புதிய செய்தி அல்ல. பட்டுப்புழுவுக்கு ஒரு நோய் பூசணத்தால் வருகிறது என்று இத்தாலியில் பாஸி என்பவர் 1835-லேயே நிரூபித்திருந்தார். பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் பட்டுப்புழு நோய்களோடு பல ஆண்டு மல்லுக்கட்டியிருந்தார். அவர்கள் இருவருக்கும் பூச்சியைக் காப்பாற்றுவதுதான் கவலை.

மெச்னிகாவ் அதைத் தலைகீழாகப் புரட்டினார். பட்டுப்புழுவுக்கு வந்தால் அது நஷ்டம். கோதுமை வண்டுக்கு வந்தால் லாபம்தானே! நோய் தானாக வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? நாமே வளர்த்து, நாமே வண்டுக்குக் கொடுத்தால் என்ன?

1879-ல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். சாராய ஆலைகளில் பீர் வடிக்கத் தானியக்கூழ் காய்ச்சுவார்கள். அந்தக் கூழில் இந்தப் பூசணம் நன்றாக வளர்ந்தது. அப்படி வளர்த்த பொடியை வயலில் தூவலாம் என்பது அவர் சொன்ன வழி.

கொலைக்குக் கிருமியை அனுப்பும் யோசனை இப்படித்தான் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வயலுக்கு வந்தது.

1884-ல் கிராசில்சிக் என்ற விஞ்ஞானி, கீவ் நகரத்துக்குத் தெற்கே ஸ்மேலா என்ற ஊரில் இதற்காக ஒரு தொழிற்சாலையே வைத்தார். நான்கு மாதத்தில் 55 கிலோ வித்துத்தூள் தயாராயிற்று. சர்க்கரைக்கிழங்குப் பயிரைத் தின்னும் ஒருவகை வண்டின் மேல் அதைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 50 முதல் 80 வரை செத்தன.

ஆனால் சாவதற்கு 10 முதல் 14 நாள் ஆயிற்று. நோய் பிடித்த வண்டும் அதுவரை தின்றுகொண்டுதானே இருக்கும்? மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் வித்து முளைப்பதும் இல்லை. விவசாயிக்கு அவசரம், பூசணத்துக்கு அவசரம் இல்லை. முயற்சி நீடிக்கவில்லை.

ரோஜா முள்

அதற்குள் மெச்னிகாவின் வாழ்வில் பல புயல்கள் வீசிவிட்டன.

1880-ல் ஒல்காவுக்கு டைபாயிடு ஜுரம் வந்தது. அவள் பிழைத்தாள். ஆனால் கவலையில் மெச்னிகாவின் உடல் கெட்டது. பல்கலைக்கழகத்தில் ஓயாத சண்டை. 1881-ல் அவர் மீண்டும் மனம் உடைந்தார். சாவதானாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும் என்று எண்ணி, ஒருவகை ஜுரக்காரரின் ரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். கடும் ஜுரம் வந்தது. மறுபடியும் பிழைத்தார். இந்தத் தடவை எழுந்தவர் பழைய மனிதர் அல்லர். வாழ வேண்டும் என்ற ஆசை அவருக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு அவர் சாவைத் தேடவே இல்லை.

அதே 1881-ல் ஜார் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகங்களில் கெடுபிடி கூடியது. 1882-ல் மெச்னிகாவ் வேலையை விட்டார். ஒல்காவையும் அவளுடைய தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போனார். சிசிலித் தீவில் மெசினா என்ற கடற்கரை ஊரில் தங்கினார்.

ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். குரங்கு வித்தை! மெச்னிகாவ் மட்டும் போகவில்லை. மைக்ராஸ்கோப்பில் நட்சத்திர மீனின் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே நடப்பது எல்லாம் வெளியே தெரியும். அதன் உடலுக்குள் சில அணுக்கள் அங்கும் இங்கும் ஊர்ந்து திரிந்தன.

இவை எதற்காகத் திரிகின்றன? வெளியில் இருந்து பகைவன் வந்தால் பிடித்துத் தின்னுவதற்காகவோ?

அந்த எண்ணம் வந்ததும் அவரால் உட்கார முடியவில்லை. அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடற்கரைக்கு ஓடினார். பிறகு தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்களைப் பறித்து வந்து, நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை.

விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி அந்த அணுக்கள் கூட்டமாகக் கூடி நின்றன! காலில் முள் தைத்தால் நமக்குச் சீழ் வைக்கிறதே, அதுவும் இந்தப் போரின் அடையாளம்தான்.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளைப் பிடித்து விழுங்கும் போர்வீரர்கள் என்ற உண்மை இப்படித்தான் வெளிவந்தது.

ஆனால் ஒரு முள்ளை வைத்து நோயைப் பற்றி முடிவு சொல்லலாமா? உயிருள்ள கிருமியோடு நடக்கும் சண்டையைக் காட்ட வேண்டுமே!

அங்கேதான் பழைய வண்டு ஆராய்ச்சி கைகொடுத்தது. பூசணம் எப்படிக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியும். 1884-ல் அவர் நீர்ப்பூச்சி ஒன்றை எடுத்துக்கொண்டார். கடுகை விடப் பெரிதல்ல. இதுவும் கண்ணாடி உடல்காரி. அதற்குப் பூசண இனத்தைச் சேர்ந்த ஒரு நோய் வருவது உண்டு. அந்த நோயின் வித்துக்கள் ஊசிபோல் இருக்கும். பூச்சி அவற்றை விழுங்கினால், குடலைக் குத்திக்கொண்டு உடலுக்குள் வரும். உடனே ரத்த அணுக்கள் ஓடி வந்து ஊசியைச் சூழ்ந்து கரைக்கும். அணுக்கள் வென்றால் பூச்சி பிழைக்கும். தோற்றால் பூச்சி சாகும். இரண்டையும் அவர் கண்ணால் கண்டார்.

கோதுமை வண்டைப் பார்த்தபோது அவர் கிருமியின் கட்சி. நீர்ப்பூச்சியைப் பார்த்தபோது பூச்சியின் கட்சி! இரண்டும் ஒரே சண்டைதான். பூசணம் ஏன் உடனே கொல்வதில்லை என்பதற்கும் இதில் பாதி விடை இருந்தது. வண்டின் உடலிலும் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சும்மா விடுவார்களா?

செத்த ஆடுகள்

1886-ல் ஒடெசா நகரத்தில் கிருமி ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறந்தார்கள். பாரீசில் பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்திருந்த காலம் அது. அதே ஊசியை ஒடெசாவிலும் போட்டார்கள். நிலையத்தின் தலைவர் மெச்னிகாவ்.

அவர் டாக்டர் அல்லர். அதனால் ஊர் டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். நிலையத்தில் எது நடந்தாலும் குற்றம் கண்டுபிடித்தார்கள்.

பிறகு அந்த விபரீதம் நடந்தது. ஆடுகளுக்கு வரும் அடைப்பான் நோயைத் தடுக்க, வலுவைக் குறைத்த கிருமியை ஊசி போடுவது வழக்கம். 1888-ல் அந்த நிலையத்தில் தயாரித்த மருந்தை ஒரு பண்ணையின் ஆடுகளுக்குப் போட்டார்கள். கிருமியின் வலு போதிய அளவு குறையவில்லை. ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்து விழுந்தன!

அப்போது மெச்னிகாவ் ஊரில் இல்லை. ஊசி போட்டது அவர் கையும் அல்ல. ஆனாலும் தலைவர் அவர்தானே? உயிருள்ள கிருமியை வெளியே அனுப்புகிறவன் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பண்ணை பெரிய பாடமாக அமைந்தது.

அவர் ஒடெசாவை விட்டுப் புறப்பட்டார். ஜெர்மனியில் ராபர்ட் காக் அவரை முகம் கொடுத்து வரவேற்கவில்லை. பாரீசில் பாஸ்டர் அன்போடு வரவேற்று ஆராய்ச்சிக்கூடமே கொடுத்தார். குன்னூரில் 1907-ல் தொடங்கிய நாய்க்கடி மருந்து நிலையம் தாங்கி நிற்பதும் இந்தப் பாஸ்டரின் பெயரைத்தான். அதன் பிறகு 28 ஆண்டுகள், சாகும் வரை, மெச்னிகாவுக்குப் பாரீசே வீடு.

அங்கும் சண்டைக்குக் குறைவு இல்லை. நோயைத் தடுப்பவை ரத்த அணுக்கள் என்றார் மெச்னிகாவ். அணுக்கள் அல்ல, ரத்தத்தின் நீரில் கலந்துள்ள பொருள்களே என்றார்கள் ஜெர்மன் விஞ்ஞானிகள். ஏறக்குறைய 20 ஆண்டு வாதம் நடந்தது. 1908-ல் நோபல் பரிசை மெச்னிகாவுக்கும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இருவர் சொன்னதும் உண்மை என்று பிறகு தெரிந்தது.

கடைசிக் காலத்தில் அவருக்குக் கிழத்தனத்தைப் பற்றிய கவலை வந்தது. குடலில் உள்ள கெட்ட கிருமிகள்தான் மனிதனைக் கிழவன் ஆக்குகின்றன என்று எண்ணினார். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் புளித்த பால் சாப்பிட்டு நெடுநாள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாமும் தினமும் புளித்த பால் குடித்தார். ஐரோப்பா முழுவதும் தயிர் மோகம் பிடித்தது. அவர் கூறியபடி தயிர் ஆயுளைக் கூட்டும் என்பது நிரூபணம் ஆகவில்லை. ஆனால் தயிரும் மோரும் இல்லாமல் சாப்பாடு முடியாத நம் வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டால் பாட்டிமார் சிரிப்பார்கள்.

முதல் உலகப் போர் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்து வாலிபர்கள் போர்முனைக்குப் போனார்கள். 1916 ஜூலை 15-ந் தேதி மெச்னிகாவ் இறந்தார். வயது 71. அவருடைய அஸ்தி பாஸ்டர் நிலையத்தின் நூலகத்திலேயே வைக்கப்பட்டது.

வண்டு யோசனை என்ன ஆயிற்று?

அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு புதிய கிருமி தலைகாட்டிவிட்டது.

1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று சுருண்டு செத்தன. இஷிவாடா என்ற விஞ்ஞானி அதற்குக் காரணமான கிருமியைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியில் துரிங்கியா மாநிலத்தில், மாவு மில்லில் இருந்து வந்த அந்துப்பூச்சியின் புழுவில் அதே வகைக் கிருமியை பெர்லினர் என்பவர் கண்டார். அந்த மாநிலத்தின் பெயரையே கிருமிக்கு வைத்தார். பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம். பி.டி. பருத்தி என்கிறோமே, அந்தப் பி.டி. இதுதான்!

இது பூசணம் அல்ல. பாக்டீரியா. கொல்லும் விதமும் வேறு. இந்தக் கிருமி தன் உடலுக்குள் கற்கண்டுபோல் ஒரு புரதக் கட்டியை உண்டாக்குகிறது. புழு இலையோடு சேர்த்து அதைத் தின்ன வேண்டும். புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே கட்டி கரைந்து குடல் சுவரில் ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்துகிறது. பிறகு சாகிறது. நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. அதனால் அது மனிதரைக் கொல்வதில்லை.

1938-ல் பிரான்சில் இதை மருந்தாக்கி விற்றார்கள். அதே சமயம் டி.டி.டி. வந்துவிட்டது. தெளித்த உடனே பூச்சி விழும் மருந்து! உலகம் அதன் பின்னால் ஓடியது. கிருமி வைத்தியத்தை மறந்தது. டி.டி.டி.யால் பறவைகளும் மீன்களும் படும் பாட்டை 1962-ல் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி புத்தகம் எழுதி எடுத்துக்காட்டினார். அதன் பிறகு மெச்னிகாவ் காட்டிய பாதைக்குப் பலர் திரும்பினார்கள்.

ஆனால் பழைய குறை அப்படியே இருந்தது. பி.டி. கிருமியைத் தெளித்தால் வெயில் பட்டுச் சில நாளில் வீரியம் போய்விடும்.

1981-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஷ்னெப், ஹெலன் ஒயிட்லி என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். உயிர்கள் எல்லாவற்றின் உள்ளேயும் மரபணு என்ற சமையல் குறிப்பு இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்பது அதில் எழுதியிருக்கும். பி.டி. கிருமியின் நஞ்சுக்கான குறிப்பை மட்டும் அவர்கள் எடுத்தார்கள். குடலில் வாழும் வேறொரு கிருமிக்குள் வைத்தார்கள். அந்தக் கிருமியும் பி.டி. நஞ்சைச் சமைத்தது! பூச்சியைக் கொல்லும் கிருமியை மனிதன் தன் விருப்பப்படி திருத்தும் காலம் பிறந்தது.

ஆனால் திருத்திய கிருமியை உயிரோடு வயலில் விடலாமா? அது பெருகிப் பரவினால் யார் பிடிப்பது? அமெரிக்காவில் பெரிய விவாதம் நடந்தது. ஒடெசாவில் செத்த ஆடுகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

கடைசியில் ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டார்கள். செடியோடு வாழும் சூடோமோனாஸ் என்ற கிருமிக்குள் பி.டி. குறிப்பை வைத்தார்கள். தொட்டியில் வளர்த்தார்கள். நஞ்சு நிறைந்ததும் கிருமியைக் கொன்றுவிட்டார்கள். செத்த கிருமியின் கூடு டப்பாபோல் நஞ்சைச் சுற்றி நின்று வெயிலில் இருந்து காத்தது. செத்தது பெருகாது, பரவாது. 1991-ல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது.

பிறகு அந்தக் குறிப்பைச் செடிக்குள்ளேயே வைத்தார்கள். 2002-ல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழு முதலில் செத்தது. சில ஆண்டு கழித்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சையும் தாங்கப் பழகிக்கொண்டது. பூச்சியைக் குறைவாக எடை போட்டால் அது இப்படித்தான் திருப்பி அடிக்கும். நீர்ப்பூச்சிக்குள் போரைப் பார்த்தவருக்கு இது வியப்பாக இருந்திராது.

மெச்னிகாவின் பச்சைப் பூசணத்தையும் விட்டு வைக்கவில்லை. மெதுவாகக் கொல்கிறது என்பதுதானே அதன் குறை? 2007-ல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தேளின் நஞ்சுக் குறிப்பை அந்தப் பூசணத்துக்குள் வைத்தார்கள். புகையிலைப் புழுவின் மேல் அதன் வலு 22 மடங்கு ஆயிற்று.

2019-ல் ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ நாட்டில் இன்னொரு சோதனையின் முடிவு வெளிவந்தது. மலேரியா குழந்தைகளைக் கொண்டுபோகும் நாடு அது. மருந்து தெளித்தும் சாகாத கொசுக்கள் அங்கே உண்டு. பச்சைப் பூசணத்தின் நெருங்கிய உறவான ஒன்றில் ஆஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் நஞ்சுக் குறிப்பை வைத்திருந்தார்கள். பூச்சியின் ரத்தத்தைத் தொட்டால்தான் அந்த நஞ்சு உண்டாகும். வலை போட்டு மூடிய பெரிய கூடாரத்துக்குள் 1,500 கொசுக்களை விட்டார்கள். 45 நாள் கழித்து எண்ணினார்கள். 13 கொசுக்களே இருந்தன. 

திருத்தாத பழைய பூசணத்துக்கும் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் தென்னங்குருத்தைக் குடைந்து தின்னும் காண்டாமிருக வண்டு ஒரு பெரிய தொல்லை. அதன் புழு எருக்குழியில் வளர்கிறது. எருக்குழியில் எப்போதும் ஈரம் இருக்கும். பூசணத்துக்கு வேண்டியதும் அதுதான். வேளாண்மைத் துறையினர் கூறும் முறைப்படி பச்சைப் பூசணப் பொடியை வாங்கிக் குழியில் கலந்து விடுகிறார்கள் தென்னை விவசாயிகள்.

அந்தப் பொட்டலத்தின் மேல் மெட்டாரைசியம் அனிசோப்ளியே என்று அச்சிட்டிருக்கும். அனிசோப்ளியா என்பது அன்று ருஷியாவில் கோதுமையைத் தின்ற வண்டின் பெயர். விஞ்ஞானிகள் இந்தப் பூசணத்தின் பெயரை முழுமையாக எழுதும்போது, அதன் பக்கத்தில் மெச்னிகாவின் பெயரையும் சுருக்கிச் சேர்த்து எழுதுகிறார்கள்.